சின்ன வசனம் என்றால் பதற்றமா?



மே மாதம் பிறந்துவிட்டது. பதினோராம் ஆண்டில் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது பரீட்சைப் பேச்சுத்தான். கணிதம், விஞ்ஞானம் பற்றி எங்களுக்கு அதிகம் கடிதங்கள் வருவதில்லை. அவற்றைச் சொல்லிக்கொடுக்க வீட்டிலோ சொந்தத்திலோ யாராவது இருக்கிறார்கள். ஆங்கிலந்தான் பெற்றோரைக் கலங்கடிக்கிறது. “மகள் வாசிக்கிறாள், விளங்குகிறது என்கிறாள். வசன அமைப்பைப் பற்றி எழுதினால் மட்டும் புள்ளி விழுவதில்லை. அவளுக்கு உதவுகிற அளவுக்கு எனக்கு ஆங்கிலம் இல்லை” என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். இந்த மாதப் பக்கம் அவருக்கானது.

இங்கிலாந்தில் மிகப் பல பாடசாலைகள் எடுப்பது ஏ.கியூ.ஏ. சபையின் ஜீ.சி.எஸ்.ஈ. ஆங்கில மொழிப் பரீட்சை. 1 முதல் 9 வரையான புதிய தரங்களோடு 2017 கோடையில் அது முதன்முறை நடந்தது. முதல் வினாத்தாளின் இரண்டாம் கேள்வி 8 புள்ளிகளுக்கானது. ஒரு கதைப் பகுதியிலிருந்து சில வரிகளைத் தந்து, எழுத்தாளர் மொழியை எப்படிக் கையாள்கிறார் என்று கேட்பார்கள். சொற்கள், உத்திகள், வசன வடிவங்கள் ஆகியவற்றைப் பற்றி எழுதலாம் என்ற குறிப்பும் கேள்வியோடு வந்திருக்கிறது. கவனியுங்கள், ‘எழுதலாம்’ என்பதுதான் குறிப்பு. வசனத்தில் சொல்ல ஒன்றும் தென்படாவிட்டால் சொற்களைப் பற்றி மட்டும் நன்றாக எழுதிவிட்டு வரலாம். இது தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் கடைசி இரண்டு நிமிடத்தில் வசனத்தைப் பற்றி எதையாவது எழுதிவைக்கிறார்கள்.

அந்த ‘எதையாவது’ பெரும்பாலும் ஒன்றேதான்: “எழுத்தாளர் சிறிய வசனத்தைப் பயன்படுத்திப் பதற்றத்தை உண்டாக்குகிறார். இது வாசகரை மேலும் வாசிக்கத் தூண்டுகிறது.” ரியூசன் குறிப்புகளில் இது வாய்பாடு மாதிரியே இருக்கிறது. சின்ன வசனம் என்றால் பதற்றம், நீண்ட வசனம் என்றால் குழப்பம், கேள்வி என்றால் ஆர்வம். பிள்ளைகளும் பாடமாக்கிக்கொண்டு போகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. எந்தக் கதைக்கும் பொருந்துகிற விடை, முன்னாலிருக்கிற கதையை வாசிக்காமலே எழுதக்கூடிய விடை. அதற்கு எப்படிப் புள்ளி போடுவார்கள்?

ஒரு சிறு பகுதியை வைத்துப் பார்ப்போம். பரீட்சைக்கு வந்ததல்ல, இந்தப் பக்கத்துக்காக நானே எழுதியது.

“அவள் படியேறினாள், ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பின்கதவைத் தள்ளிக்கொண்டு கிணற்றடிவரை ஓடினாள், மறுபடியும் முற்றத்துக்கு வந்து கூப்பிட்டாள். வீட்டில் யாரும் இல்லை.”

இரண்டாவது வசனம் சின்னது, ஆகவே பதற்றம் என்று எழுதினால் அது பாதி விடைகூட இல்லை. முதல் வசனத்தில் பதற்றம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. சின்ன வசனத்தில் அது அடங்கித்தான் போகிறது. முதல் வசனத்தில் எத்தனை வினைகள், எல்லாம் யாருடையவை? ஏறியதும் திறந்ததும் கூப்பிட்டதும் ஓடியதும் அவள். முற்றுப்புள்ளி வராதவரை அவளுக்கு இன்னும் ஓரிடம் தேடப் பாக்கி இருக்கிறது, நமக்கும் நம்பிக்கை இருக்கிறது. அடுத்த வசனத்தில் அவளே இல்லை. அவள் செய்வதற்கு ஒரு வினையும் இல்லை. வீடு மட்டும் இருக்கிறது. ஆட்கள் இல்லாததை அந்த வசனம் சொல்கிறது. அவள் செய்ய இனி ஒன்றுமில்லை என்பதை அதன் அமைப்புக் காட்டுகிறது. இதைத் தன் சொந்தச் சொல்லில் இரண்டு மூன்று வரி எழுதுகிற பிள்ளை மேல்மட்டப் புள்ளிக்குப் போட்டியிடுகிறது. அதற்குப் பெரிய கலைச்சொல் தேவையில்லை. புள்ளித் திட்டத்தின் மேல்மட்டம் கேட்பது நுட்பமான, விரிவான விளக்கம். வசனத்துக்குப் பெயர் சூட்டுவது அதில் ஒரு சிறு பங்குதான், அதுவும் சரியாக இருந்தால். ஆங்கிலத்தில் ‘கொம்ப்ளெக்ஸ்’ எனப்படும் கலப்பு வசனம் என்றால் கடினமான வசனம் என்று நினைத்து எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதே அளவு சின்ன வசனம் வேறு வேலையும் செய்யும். பிரசவ அறைக்கு வெளியே ஒருவர் விடியவிடிய நடந்துகொண்டிருந்ததை ஒரு பந்தி முழுக்கச் சொல்லிவிட்டு, “பெண் குழந்தை.” என்று முடித்தால் அங்கே வருவது பெருமூச்சும் சிரிப்பும். நீளத்துக்கென்று நிரந்தரமான உணர்ச்சி எதுவும் கிடையாது. முன்னால் என்ன வந்தது, இது எதை நிறுத்தியது, யாரை விட்டுவிட்டது என்று பார்க்கவேண்டும்.

பெரிய எழுத்தாளர் ஒருவரிடம் இதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘பிளீக் ஹவுஸ்’ நாவலின் முதல் இரண்டு பந்திகளைச் சொல்வேன். 1852, 1853ஆம் ஆண்டுகளில் மாதாந்தப் பகுதிகளாக வெளிவந்தது. முதல் வசனம் ஒரேயொரு சொல், லண்டன் என்ற நகரப் பெயர். இரண்டாவது பந்தி முழுக்க லண்டன் மூடுபனி. அங்கே முதன்மை வாக்கியம் எதிலும் வினைமுற்று இல்லை. பனி ஊர்ந்தபடி, படர்ந்தபடி, தொங்கியபடி இருக்கிறதே தவிர எப்போது வந்தது, எப்போது விலகும் என்று சொல்ல ஒரு காலம் காட்டும் வினை இல்லை. அந்தப் பனியின் நடுவில் இருப்பது சான்சரி நீதிமன்றம். அங்கே நடக்கிற சொத்து வழக்கு தலைமுறைகள் கடந்தும் முடியாமல் கிடக்கிறது. முடியாத வழக்கை டிக்கன்ஸ் முற்றுப்பெறாத வசனங்களில் தொடங்குகிறார். ஆங்கில இலக்கணம் பாதியே தெரிந்த பெற்றோர்கூட, யாராவது மெதுவாக வாசித்துக் காட்டினால், இதைக் காதால் உணரலாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு விடயத்தையும் சொல்லவேண்டும். தமிழில் வினை இறுதியில் வருவது இயல்பு. அம்மம்மா கதை சொன்னால் எழுந்து, நடந்து, ஆற்றைக் கடந்து, மரத்தடியில் இருந்து என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போவார், நாமும் முடிவுக்காகக் காத்திருப்போம். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை சீக்கிரம் வந்துவிடும். அங்கே ஓர் எழுத்தாளர் துணை வாக்கியங்களை முன்னால் குவித்து முதன்மை வினையைக் கடைசிவரை பிடித்துவைத்தால், அந்தக் காத்திருப்பு அவர் வேண்டுமென்றே வைத்தது. தமிழ்க் காதோடு வளர்ந்த பிள்ளைக்கு அது சாதாரணமாகப் பட்டு, கண்ணில் படாமலே போய்விடலாம். சுட்டிக்காட்டினால் அதே பிள்ளை மற்றவர்களைவிட நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்றும் நம்புகிறேன். காத்திருந்து கேட்கிற பழக்கம் அதற்கு ஏற்கெனவே உண்டு.

ஆகவே கடிதம் எழுதிய சகோதரிக்கு: மகளை ஒரு பந்தியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறாள், எங்கே குரல் நிற்கிறது என்று கேளுங்கள். பிறகு, “அந்த இடத்தில் கதையில் என்ன நடந்தது?” என்று தமிழிலேயே கேளுங்கள். அவள் தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்லட்டும். அதைத்தான் அவள் விடைத்தாளில் எழுதவேண்டும். 4ஆம் தரம் எட்டாவிட்டால் பதினாறு வயதுக்குப் பிறகும் ஆங்கிலத்தைத் தொடர்ந்து படிக்கவேண்டும் என்ற விதி பெற்றோரைப் பயமுறுத்துவது நியாயந்தான். ஆனால் அந்தப் பயத்தை வாசிப்பு நேரத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

அடுத்த இதழிலிருந்து மாணவர் பக்கத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு ஆங்கிலப் பந்தியும் அதன் கீழே ஒரேயொரு கேள்வியும் இடம்பெறும். பிள்ளைகள் எழுதுகிற விடைகளை, திருத்தாமல், அப்படியே எங்களுக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்