செம்பருத்திக்கு எதற்கு ஏலத்தோட்டத்து மருந்து?

போடிநாயக்கனூரில் மொட்டை மாடி உள்ள வீடென்றால் பெரும்பாலும் ஒரு செம்பருத்தித் தொட்டி இருக்கும். காலையில் சாமி படத்துக்கு இரண்டு பூ, ஞாயிற்றுக்கிழமை தலைக்குத் தேய்க்க ஒரு கை இலை, வெயில் காலத்தில் இதழைக் கொதிக்க வைத்து எலுமிச்சை பிழிந்து ஒரு டம்ளர்... ஒரே செடி பூஜையறைக்கும் குளியலறைக்கும் சமையலறைக்கும் போய் வருகிறது. எங்கள் நூல்களில் இதற்குச் செம்பரத்தை என்று பெயர். (செம்பருத்தி என்பது உண்மையில் பருத்தி இனத்துச் செடி ஒன்றின் பெயர். பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இனி மாற்ற முடியாது, விட்டுவிடுவோம்.) பெரும்பாட்டுக்கும் உடல் சூட்டுக்கும் இதன் பூவை நாங்கள் கொடுக்கிறோம். கர்ப்பிணிகளும் குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் மட்டும் இதை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடலாம்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. "பூ வீட்லயே இருக்குங்கய்யா" என்பவர்களிடம், "செடிக்கு என்னம்மா போடுறீங்க?" என்று கேட்டுப் பார்க்கிறேன். "மாவுப்பூச்சி அப்பிருச்சுங்கய்யா. எங்க மாமா தோட்டத்துல மிச்சம் இருந்த மருந்தை ஒரு பாட்டில்ல கொண்டாந்தாரு. ஒரே அடியில பூராம் செத்துப் போச்சு!" என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

தோட்டம் என்றால் இங்கே ஏலத்தோட்டம்தான். போடிமெட்டைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று போகிற மலையெல்லாம் ஏலம். இலைப்பேனும் தண்டு துளைப்பானும் அந்தச் செடிக்கு நிரந்தர விரோதிகள். அதனால் வருஷத்தில் பல தடவை மருந்து அடிக்கிறார்கள். எண்டோசல்பானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகும் வேறு பெயர்களில் கேன்கள் மலையேறத்தான் செய்கின்றன. தோட்டக்காரர்களின் பிழைப்பைப் பற்றி நான் பேச வரவில்லை, அது தனிக் கதை. அந்தக் கேன் மலையிறங்கி நம் மாடிக்கு வருகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

நாம் ஒரு வார்த்தையில் ஏமாந்து போகிறோம். நான் கொடுப்பதும் மருந்து, அங்கே அடிப்பதும் மருந்து! 'விஷம் அடித்தேன்' என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் செடியில் பூப்பறித்துப் பெண் பிள்ளைக்குக் கஷாயம் வைக்கக் கை வருமா?

"நல்லாக் கழுவிட்டுத்தான் போடுறேன்" என்பார்கள். இன்றைய பூச்சிக்கொல்லிகளில் பல, இலை மேல் ஒட்டி நிற்பவை அல்ல. சாற்றோடு கலந்து செடி முழுக்க ஓடுபவை. சாற்றை உறிஞ்சும் பூச்சி சாவதே அதனால்தான். பூவிலும் அதே சாறுதானே? எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது.

காலி கேனும் அப்படித்தான். வாயை அறுத்துவிட்டு, மண் போட்டுச் செடி வைக்கிறார்கள். கேட்டால், சோப்புப் போட்டுக் கழுவியாச்சு! 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. அந்த மாதிரிக் கேன் வீட்டு வாசலையே தாண்டக் கூடாது என்பது என் கட்சி. மண் தொட்டி கிடைக்காத ஊரா நம் ஊர்?

சரி, பூச்சிக்கு என்னதான் செய்வது? முதலில் வேரைப் பாருங்கள். இரண்டு வருஷமாக ஒரே தொட்டியில் நிற்கிற செம்பருத்திக்கு உள்ளே மண்ணைவிட வேர்தான் அதிகம். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் கீழே ஓடும். இலை மஞ்சளாகும், மொட்டு விரியாமல் உதிரும். இப்படி நலிந்த செடியில்தான் பூச்சிக்குக் கொண்டாட்டம்.

ஆடிக் காற்றிலும் சித்திரை வெயிலிலும் தொட்டி மாற்ற வேண்டாம். காற்று அடங்கி மழை தலைகாட்டுகிற புரட்டாசி தோதானது. முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் சாயங்காலம் தொட்டியைச் சாய்த்துத் தட்டி, தூரைப் பிடித்து எடுங்கள். சுற்றிச் சுற்றி வளைந்திருக்கும் வேரைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம், பயப்படாதீர்கள். வேரைக் குறைத்தால் கிளையையும் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் செடி தாங்காது. பழையதைவிட இரண்டு அங்குலம் மட்டும் பெரிய தொட்டி போதும். ரொம்பப் பெரிதாக வைத்தால் ஈரம் தங்கி வேர் அழுகிவிடும். அடி ஓட்டையில் ஓட்டுச்சில்லு வைத்து, செம்மண் இரண்டு பங்கு, மட்கிய சாணம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து போடுங்கள். முன்பு எந்த மட்டம் வரை மண் இருந்ததோ அதே மட்டம். ஒரு வாரம் நிழல், பிறகு வெயில். ஒரு மாதத்துக்கு எந்த உரமும் வேண்டாம்.

மாவுப்பூச்சி தெரிந்தால் ஈரத்துணியால் துடையுங்கள், அப்பிய நுனியை ஒடித்து எறியுங்கள். எறும்பு ஏறாமல் பாருங்கள். பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புதான் அதற்குக் காவலாள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். ஐந்தாறு நாள் விட்டு மறுபடியும். ஒரே அடியில் போகாது, மூன்று தடவையாவது ஆகும். அந்த நாட்களில் பூவை உள்ளுக்கு எடுக்காதீர்கள்.

நர்சரியில் வாங்கும் பெரிய பூ ஜாதிகள் கண்ணுக்கு அழகு. அங்கே என்ன அடித்தார்களோ, நமக்குத் தெரியாது. சாப்பிடுவதற்கென்றால், மருந்தடிக்காத வீட்டிலிருந்து ஐந்திதழ் நாட்டுச் செம்பருத்தியில் பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சி வாங்கி மழைக்காலத்தில் ஊன்றுங்கள். அடுத்த வருஷம் பூக்கும்.

ஏற்கெனவே தோட்டத்து மருந்தை அடித்துவிட்டவர்கள் செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. தொட்டியும் மண்ணும் மாற்றி, கிளையைக் கழித்துவிடுங்கள். அடுத்த ஆறு மாதம் அந்தப் பூ சாமி படத்தோடு நிற்கட்டும், இலையும் தலைக்கு வேண்டாம். உதறிய பழைய மண்ணைக் கீரைப் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள்.