உரம் போடாத மலையில் கிலோ கேட்பது நியாயமா?

தேயிலை புளிப்பு மண்ணில் வளரும் செடி. மண்ணின் பீ.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் அது நன்றாகத் தழைக்கும். பங்களாப் பூந்தோட்டத்தில் நாம் பராமரிக்கும் அசேலியாவுக்கும் இதே குணம்தான். இவற்றின் அடியில் சுண்ணாம்பையோ சாம்பலையோ அள்ளிப் போட்டால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அடுப்புச் சாம்பல் கோவா, லீக்ஸ் பாத்திகளுக்கே உதவும்.

தேயிலைக்கு முக்கியமாகத் தேவைப்படுவது நைதரசன். ஒவ்வொரு முறை கொழுந்தெடுக்கும்போதும் மண்ணின் சத்தும் கூடையில் ஏறிப் போகிறது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் யூரியா, அமோனியம் சல்பேற்று போன்ற உரங்களைப் போடுகிறோம். இவற்றை ஆண்டுக்கணக்கில் போடும்போது மண்ணின் புளிப்பு அளவுக்கு மீறி ஏறும். பிறகு போடுகிற உரமும் செடிக்குச் சரியாகச் சேராது. அதனால்தான் மண்ணைப் பரிசோதித்து, கவ்வாத்துக் காலத்தில் டொலமைற் போட வேண்டியிருக்கிறது.

உரம் நின்றால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு இறுதிக்குள் தடை நீங்கியது; ஆனால் உர விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது.

மலையில் கொழுந்து இல்லாததற்குக் கொழுந்தெடுக்கும் பெண் காரணமல்ல. ஆனால் நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர் விழுவது அவளுக்குத்தான். உரச் செலவை மிச்சம் பிடிப்பது நிர்வாகம். அதற்கான நட்டம் நம் சம்பளத்தில் கழிகிறது. இதை நாம் ஏற்க முடியாது.

எமது கோரிக்கைகள் மூன்று. கிலோ அளவு பேசும்போது அந்த மலையின் மண் பரிசோதனை முடிவையும் உரக் கணக்கையும் நிர்வாகம் தலைவர்மாரிடம் காட்ட வேண்டும். உரிய காலத்தில் உரம் போடாத மலைக்குக் கிலோவைக் குறைக்க வேண்டும். உரம் போடுகிறவர்களுக்குக் கையுறை, சப்பாத்து, கைகால் கழுவத் தண்ணீர், சவர்க்காரம் கொடுக்க வேண்டும்.

இதற்கு ஆதாரம் நம் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் உரம் போட்ட திகதி, போட்ட மூட்டைகள், கொழுந்தின் அளவு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதச் சிரமமானால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். மாதர் தலைவிமார் இந்த மாதமே இதைத் தொடங்க வேண்டும். நிர்வாகத்துடன் அடுத்த பேச்சுக்குப் போகும்போது அந்தக் கொப்பிகளோடு போவோம்.