அவசரமில்லாத ஒரு கிறிஸ்மஸ் காலை



மார்கழிப் பனி கெங்கவல்லியில் சற்றுத் தாராளமாகவே இறங்கும். ஒருபுறம் பச்சைமலையும் மறுபுறம் கொல்லிமலையும் நிற்க, இடையில் கிடக்கும் இந்தச் சமவெளியில், வெயில் ஏறும்வரை பாக்குத் தோப்புகளின் தலை தெரிவதில்லை. மரவள்ளிக் காடுகளின்மீது யாரோ வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டாற்போல் பனி படிந்திருக்கும். அத்தகைய ஒரு காலையில், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாத் திருப்பலியை நிறைவேற்றிவிட்டு, கோவிலுக்கு வர இயலாதவர்களுக்கு நற்கருணை கொண்டுசெல்லப் புறப்பட்டேன். கையில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஒன்பது வீடுகள். நடுப்பகலுக்குள் ஒன்பதையும் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. நான்காவது வீட்டிலேயே அந்தக் கணக்குப் பொய்த்துப் போயிற்று. அதைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அது தச்சு வேலை செய்து ஓய்ந்த ஒரு பெரியவரின் வீடு. ஏரும் வண்டிச் சக்கரமும் கதவும் நிலையும் செய்து வாழ்ந்தவர். சில ஆண்டுகளாக அவருக்கு மறதி நோய். உண்டதை மறப்பார், உடுத்ததை மறப்பார், கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்பார். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். மனைவியோடும், ஆறு வயதுப் பெண் குழந்தையோடும் நான்கு வயதுப் பையனோடும் ஆண்டுக்கு இருமுறை ஊர் வருவார்.

அதற்கு முந்திய ஆண்டின் கிறிஸ்மசையும் நான் அந்த வீட்டில் கண்டிருக்கிறேன். வீடு அன்று பேருந்து நிலையம்போல் இருந்தது. அடுப்படியில் புகை, கூடத்தில் உறவினர் கூட்டம், பிள்ளைகளுக்குப் புத்தாடை கசங்கிவிடுமே என்ற அதட்டல். மகன் என்னைக் கண்டதும், "சாமி, சீக்கிரம் மந்திரிச்சு விட்டுடுங்க. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு ஆத்தூர் போயாகணும்" என்றார். பெரியவரைக் காணோம். உள்ளறையில் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. விருந்தினர் முன்னிலையில் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கிறார் என்ற கூச்சம். நான் உள்ளே சென்று அவருக்கு நற்கருணை வழங்கி, சிலுவை வரைந்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு விரைந்தேன். அந்தச் சாத்திய கதவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது என் குறை.

அடுத்த ஆண்டு, திருநாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே, அந்தக் குழந்தைகளின் ஆயா மகனைத் தொலைபேசியில் அழைத்து ஒரு கட்டளை விதித்திருக்கிறார். அவரே என்னிடம் சொன்னது: "வர்றதா இருந்தா அவசரமில்லாம வாங்க. அதிரசமும் முறுக்கும் நான் முன்னாடியே சுட்டு வெச்சிடறேன். அன்னிக்குக் காலையில யாரும் எங்கேயும் போக வேண்டாம். உங்கப்பாவை உள்ளே வெச்சுக் கதவைச் சாத்திட்டுத் திருநாள் கொண்டாட எனக்கு மனசில்லே. அவரு திண்ணையிலதான் உட்காருவாரு."

அவ்வாறே அமர்ந்திருந்தார். தோளில் போர்வை, காலடியில் இரண்டு பேரப்பிள்ளைகள். திண்ணையின் ஓரத்தில் வைக்கோல் வேய்ந்த குடில். மேலே மூங்கில் பிளாச்சில் தாள் ஒட்டிய விண்மீன். குடிலில் இருந்த சுரூபங்கள் எல்லாம் மண்ணால் ஆனவை. மாடு மட்டும் மரம். மகன் சிறுவனாய் இருந்தபோது பெரியவரே செதுக்கியது. மரச்சிற்பங்களுக்குப் பேர்போன தம்மம்பட்டி அண்மையில்தான் உள்ளது. அந்தச் சிற்பிகளின் கைநயம் இந்த மாட்டுக்கு இல்லை. ஒரு கொம்பு சற்றுக் குட்டை. ஆயினும் அது நான்கு கால்களிலும் உறுதியாக நின்றது.

நின்றது என்றா சொன்னேன்? நான் சென்றபோது அது குடிலிலேயே இல்லை. பையன் அதைத் திண்ணைக்குக் கீழே புல்லில் மேயவிட்டிருந்தான். குருமடத்தில் பயின்ற என் நாக்கு, "குடிலில் இருப்பதைத் தொடக்கூடாது, கண்ணு" என்று சொல்ல எழுந்தது. ஆயா முந்திக்கொண்டார்: "விடுங்க சாமி, மேயட்டும். பசிச்சா தானா கொட்டகைக்கு வந்திடும்."

நான் வாயடைத்துப் போனேன். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அமைத்த குடில் என் நினைவுக்கு வந்தது. அந்தக் குடிலில் சுரூபங்கள் இல்லை. ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. சுற்றிலும் தீப்பந்தம் ஏந்திய ஊர் மக்கள். பாலன் இயேசு பட்ட வறுமையைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அப்புனிதரின் ஆசை. அங்கிருந்த மாடு அசை போட்டிருக்கும், வைக்கோலை இழுத்திருக்கும். குழந்தைகளின் கை படாத கண்ணாடிப் பெட்டிக் குடிலைவிட, மாடு மேயப் போய்விட்ட இந்தத் திண்ணைக் குடில் கிரேச்சோவுக்கு அண்மையில் இருக்கிறது அன்றோ!

பெரியவருக்கு நற்கருணை வழங்கினேன். மறதியிலும் கைகூப்ப மறக்கவில்லை. பின்பு புறப்பட எழுந்தேன். "காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்றார் ஆயா. அமர்ந்தேன். அப்போதுதான் அந்த உரையாடல் தொடங்கிற்று.

பெரியவர் மாட்டைச் சுட்டி, "பாப்பா, இது யாரு செஞ்ச மாடு?" என்றார்.

"நீங்கதான் செஞ்சீங்க, தாத்தா!"

"நானா?" பெரியவர் சிரித்தார். குழந்தையும் சிரித்தது.

சிறிது நேரம் கழித்து மீண்டும், "பாப்பா, இது யாரு செஞ்ச மாடு?"

"நீங்கதான், தாத்தா!"

"நானா?" அதே சிரிப்பு.

மகனின் முகம் சுருங்கிற்று. "அப்பா, இப்பத்தானே சொன்னா?" என்றார். ஆனால் குழந்தைகளுக்கோ சலிப்பே இல்லை. மூன்றாம் முறையிலிருந்து அது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. தாத்தா வாய் திறக்குமுன் யார் முந்திப் பதில் சொல்வது என்று இருவருக்கும் போட்டி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோரு முறை கேட்டார். பதினோரு முறையும் பதில் கிடைத்தது. பதினோரு முறையும் தம் கைவேலையைக் கண்டு அவர் புதிதாக வியந்தார்.

குடும்பத்தாரே, சிறு குழந்தையை வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே கதையைப் பத்து நாளும் கேட்கும். ஒரு சொல் மாறினாலும் விடாது. முதியவரோ ஒரே கதையைப் பத்து நாளும் சொல்வார். திரும்பச் சொல்வதில் ஒருவருக்கு மகிழ்ச்சி. திரும்பக் கேட்பதில் மற்றவருக்கு மகிழ்ச்சி. இருவரையும் ஒரே திண்ணையில் அமர்த்தினால் போதும். இடையில் கைக்கடிகாரத்தோடு நிற்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் பொறுமை இல்லை.

சிறிது நேரத்தில் மகன் திண்ணைப் படியில் வந்து அமர்ந்தார். பெரியவர் அவரை உற்றுப் பார்த்து, "தம்பி எந்த ஊரு?" என்றார்.

மகன் பேசவில்லை. அடுப்படி வாசலில் நின்ற ஆயாவும் அசையவில்லை. பிறகு அவர் மெல்லச் சொன்னார்: "இதே ஊருதாங்க. கெங்கவல்லி."

"யாரு மகன்?"

"தச்சு வேலை செய்யறவரு மகனுங்க."

பெரியவரின் முகம் மலர்ந்தது. "நல்ல பிள்ளை. இருந்து சாப்பிட்டுப் போ" என்றார்.

அற்புதம் ஏதும் நிகழவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மகனின் பெயர் அவர் நினைவுக்கு அன்று முழுவதும் வரவில்லை. ஆனால் அந்த மகன் அன்று நடுப்பகல் பேருந்துக்குப் போகவில்லை. தச்சர் மகன் என்று ஊரார் நம் ஆண்டவரையும் ஒருநாள் சொன்னார்கள், இகழ்ச்சியாகச் சொன்னார்கள். அதே சொல்லை ஒரு மகன் பெருமையாகச் சொல்லக் கேட்டது எனக்குக் கிடைத்த கிறிஸ்மஸ் பரிசு.

காலை உணவுக்கு என்னையும் விடவில்லை. இட்லியும் கோழிக்குழம்பும், இந்த வட்டாரத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த ஜவ்வரிசியில் பாயசம். அவ்வளவே. எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்தோம். அந்த வீட்டு மருமகள் சொன்னதை நான் மறக்கமாட்டேன்: "கல்யாணமாகி எட்டு வருஷத்துல, கிறிஸ்மஸ் அன்னிக்கு முதல் பந்தியில உட்கார்ந்தது இன்னிக்குத்தான் சாமி." ஆடவர் ஓய்ந்திருக்கப் பெண்கள் அடுப்படியில் வேகும் காலையை அமைதியான காலை என்று சொல்லலாகாது. எட்டு வகைக் கறியைக் குறைத்தால், ஒரு பெண்ணுக்குத் திருநாள் கிடைக்கிறது.

விவிலியத்தைப் பாருங்கள். பெருவிழாவின் விடியற்காலைத் திருப்பலியில் இடையர்களைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்பெறுகிறது. அவர்கள் பாலனைக் காண விரைந்து சென்றார்கள் என்று புனித லூக்கா எழுதுகிறார். விரைந்து திரும்பியதாக அவர் எழுதவில்லை. அவர்கள் சொன்னவற்றை எல்லாம் தேவதாய் தம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தார். திருநாளுக்கு வருவதற்கு அவசரம் இருக்கலாம். வந்த பிறகு அவசரம் எதற்கு?

மேலும், அப்பிறப்பின் வரலாற்றில் எத்தனை முதியவர்கள்! சக்கரியா, எலிசபெத்து, எருசலேம் கோவிலில் காத்திருந்த சிமியோன், எண்பத்துநான்கு வயதுக் கைம்பெண் அன்னா. இளம் பெற்றோர் குழந்தையைக் கொண்டுவர, சிமியோன் அதைக் கைகளில் ஏந்தினார். பெரியவருக்குக் கை நடுங்கும் என்று யாரும் குழந்தையை மறைக்கவில்லை. கிறிஸ்மசை ஒட்டி வரும் திருக்குடும்ப விழாவில் சீராக் ஞானநூலின் மூன்றாம் அதிகாரம் வாசிக்கப்பெறுவதுண்டு. தந்தையின் அறிவு மங்கினாலும் அவரிடம் பொறுமை காட்டு என்று அந்நூல் அறிவுறுத்துகிறது. அறிவு மங்குவது முதுமையில் நேரக்கூடியதே என்று அந்நாளிலேயே உணர்ந்திருக்கிறார்கள். அதை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை.

இதை எழுதும்போது என் தாயார் நினைவுக்கு வருகிறார். பங்குக் குருவுக்குப் பெருவிழா அன்று வீடு செல்ல வழியில்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோதான் செல்வேன். பெற்ற மகனையே "சாமி" என்று அழைப்பார் அவர். "சாமி, பூசைக்குக் கூட்டம் நிறைய வந்ததா?" என்பார். சொல்வேன். சற்று நேரத்தில் அதையே கேட்பார். மூன்றாம் முறை கேட்கும்போது நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அவர் அதைக் கண்டுகொண்டு பேச்சை நிறுத்திவிடுவார். இன்று என்னிடம் அக்கேள்வியைக் கேட்க யாரும் இல்லை. ஆறு வயதுக் குழந்தை பதினோரு முறை செய்ததை, இறையியல் படித்த நான் மூன்று முறை செய்யவில்லை.

ஆகவே இவ்வாண்டு சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன். பலகாரத்தை முன்னரே முடித்துவிடுங்கள். காலைச் சமையலைச் சுருக்குங்கள். திருப்பலிக்குப் பின் நடுப்பகல்வரை பயணமும் உறவினர் வீடும் வேண்டாம். குடிலில் குழந்தை தொடத்தக்க ஒரு பொருளேனும் இருக்கட்டும். தாத்தாவும் ஆயாவும் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லட்டும். நேற்றுச் சொன்ன கதையாயினும் சரி. மறதி நோய் உள்ளவரை மருத்துவரிடம் காட்டுங்கள். கதவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு, தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளை ஏற்படுத்தினார்; ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு அது. அந்த நாளுக்குக் கிறிஸ்மஸ் காலையே நல்ல தொடக்கம்.

ஒன்று மிச்சமிருக்கிறது. அன்று நான் ஒன்பதாவது வீட்டை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. தனியே வாழும் ஒரு மூதாட்டி, காலை முதல் வாசலில் காத்திருந்தார். அவருடைய பிள்ளைகள் வரவில்லை. ஒரு வீட்டில் நான் பெற்ற மகிழ்ச்சி, இன்னொரு வீட்டில் ஒருவரை ஏங்க வைத்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "வந்துட்டீங்களே சாமி, அது போதும். உட்காருங்க" என்றார். அமர்ந்தேன். தம் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். சொன்னதையே மறுபடியும் சொன்னார். கடிகாரத்தை நான் பார்க்கவில்லை.

உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார். உங்கள் திண்ணையில் அவருக்கும் ஓர் இடம் போடுங்கள். பாலன் இயேசு உங்கள் இல்லத்துக் குழந்தைகளையும் முதியோரையும் ஆசீர்வதிப்பாராக.