மின்தடையின் சுமை யாருக்கு?

மின்சாரம் நின்றவுடன் வகுப்பறையில் எழும் “ஓ!” என்னும் ஆரவாரத்தை அறியாத ஆசிரியை இருக்க முடியாது. மின்விசிறி நின்றால் பாடமும் நின்றுவிடும் என்பது மாணவியர் பலரின் நம்பிக்கை. ஆனால், முன்னறிவிப்பின்றி வரும் மின்தடை எல்லோருக்கும் விடுமுறையாக அமைவதில்லை. சிலருக்கு வேலை இரட்டிப்பாகிறது. சிலருக்குப் பணமும் செலவாகிறது. இது சரிதானா என்பதே என் கேள்வி.

மின்தடை ஏற்பட்டால் மின்வாரியத்தைத் திட்டுவது நம் வீடுகளில் வழக்கம். அதில் எனக்கு முழு உடன்பாடில்லை. கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறி நிற்பவரும் ஒரு வீட்டின் தகப்பனார்தானே! மேலும், மின்பாதைகளுக்குத் தாங்கும் அளவு ஒன்று உண்டு. சுமை மிகுந்தால் பாதுகாப்புக் கருவி அப்பாதையைத் தானே துண்டித்துவிடும். அப்போது அதன் சுமை மற்றப் பாதைகளின்மேல் விழும். 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியாவில் இவ்வாறுதான் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதைகள் துண்டிக்கப்பட்டன. இரண்டாம் நாளில் மட்டும் 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. (தென்மாநிலங்கள் தப்பின. நம் மின்தொகுப்பு மற்றவற்றோடு ஒத்தியங்கத் தொடங்கியது 2013 டிசம்பர் இறுதியில்தான்.)

அன்று ரயில்கள் நடுவழியில் நின்றன. டெல்லி மெட்ரோவும் நின்றது. ஆனால் இதைப் படித்தபோது என் மனத்தில் பதிந்தது வேறொன்று. மேற்கு வங்க நிலக்கரிச் சுரங்கங்களில் மின்தூக்கி இயங்காததால் தொழிலாளர் பலர் பூமிக்கடியில் சிக்கிக் கொண்டனர். பின்னர் அவர்கள் பத்திரமாக மேலே கொண்டுவரப்பட்டனர். அதே நேரத்தில் மேலே, விசிறி நின்றதே என்று சலித்துக் கொண்டவர்கள் எத்தனை பேரோ!

இதே வேறுபாட்டைச் சிறிய அளவில் ஒரு கல்லூரி வளாகத்திலும் காணலாம். என் அக்கா படிக்கும் கல்லூரியில் சென்ற ஆகஸ்டில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு மின்மாற்றி பழுதாகி, மாலை நான்கு மணிக்குத்தான் சரியானது. பாடங்கள் மரத்தடியில் ஒருவாறு நடந்தன. தண்ணீர் மோட்டார் ஓடாததால் விடுதி ஆயாம்மாமார் இருவர் அடிகுழாயிலிருந்து இரண்டாம் மாடி வரை வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்கள். ஒருவருக்கு வயது அறுபதுக்கு மேல்.

அன்றுதான் தேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள். கணினி இயங்கவில்லை என்று அலுவலகச் சன்னலை மூடிவிட்டார்கள். அக்காவின் தோழி ஒருத்தி, இரண்டு பேருந்து மாறி வருபவள், கையில் பணத்தோடு மூன்று மணி வரை நின்றுவிட்டுத் திரும்பினாள். மறுநாள் 100 ரூபாய் அபராதத்துடன் வாங்கிக் கொண்டார்கள். அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆலையில் கூலிவேலை செய்பவர். “அபராதத்தைக் கணினியே சேர்த்துவிடுகிறது, அம்மா, என் கையில் இல்லை” என்றாராம் குமாஸ்தா. கணினிக்குக் கடைசித் தேதியைச் சொல்லிக் கொடுத்தது யார்? மின்சாரமா?

மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கன்னியர் உவமையைப் படிக்கிறோம். எண்ணெய் கொண்டுவந்த ஐவரே விவேகமுள்ளவர்கள். அக்கல்லூரியும் எண்ணெய் வைத்திருந்தது; ஜெனரேட்டரில் டீசல் நிறைய இருந்தது. ஆனால் அதன் இணைப்பு விழா அரங்கிற்கும் முதல்வர் அறைப் பக்கத்திற்கும் மட்டுமே. அன்று அரங்கில் விருந்தினர் உரை ஒன்று தடையின்றி நடந்தது. விருந்தினரை வியர்க்க விடலாகாது என்பது உண்மைதான். ஆனாலும் நாற்பது நிமிடம் பனையோலை விசிறி வீசியிருந்தால் அவர் கோபித்துக் கொண்டிருப்பாரா? அந்த மின்சாரம் ஒரு மணி நேரம் மோட்டாருக்குக் கிடைத்திருந்தால் மேல்தொட்டி நிறைந்திருக்கும்.

ஆகவே பள்ளி, கல்லூரி நடத்தும் பெரியோருக்கு என் பணிவான கோரிக்கை இது. ஜெனரேட்டரின் முதல் இணைப்பைத் தண்ணீர் மோட்டாருக்கும் சமையலறைக்கும் கொடுங்கள், அடுத்தது பணம் வாங்கும் சன்னலுக்கு, அரங்கம் பிறகு. அலுவலகம் இயங்காத நாள் கடைசி நாளாக இருந்தால், அடுத்த வேலைநாளில் அபராதமின்றிக் கட்டணம் வாங்கலாம் என்று விதிகளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதற்கும் முன்பாக, கார்பன் தாள் வைத்த பழைய ரசீதுப் புத்தகம் ஒன்றை அலமாரியில் வையுங்கள். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் மின்சாரம் இல்லாத நாளிலும் அப்படித்தான் ரசீது எழுதித் தருகிறார்.