பள்ளி மணியை யார் அடிப்பது?

கிராமத்தில் புது ஆரம்பப் பள்ளி எழும்பினால் திறப்பு விழா தடபுடலாக நடக்கும். ஆனால் மணி எப்போது அடிப்பது, விடுமுறை எந்த மாதம், மாலையில் சாவி யார் கையில் என்று உழைப்பாளி மக்களை எவர் கேட்கிறார்?

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி நாட்காட்டியை வகுக்கும் கடமையை உள்ளாட்சியிடம் ஒப்படைத்திருக்கிறது. நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நல்லது! ஆனால் கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்குக் கூட்டினால், நடவுக்குப் போன தாயும் ஷிப்டில் நிற்கும் தகப்பனும் கூலியை இழந்தா வருவார்கள்?

நேரத்தை மாற்று என்றால் குறைக்கக் கிளம்புவோரும் உண்டு. 1953-ல் ராஜாஜி சர்க்கார் கிராமப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, மிச்சப் பொழுதில் தகப்பன் தொழிலைப் பழகச் சொன்னது. மக்கள் கொதித்தெழுந்தனர், 1954-ல் காமராஜர் அதைக் கைவிட்டார். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரப் படிப்பு என்பது இன்றைய சட்டம். அதில் ஒரு மணியும் குறையக் கூடாது.

அறுவடைக்கு லீவு கேட்கவில்லை நாம். லீவு விட்டால் பிள்ளை களத்துமேட்டுக்குத்தான் போகும். அறுவடை நாளில்தான் பள்ளி திறந்திருக்க வேண்டும். தாய் வயலுக்குக் கிளம்புமுன் கதவு திறக்க வேண்டும். இரவில் அதே கூடத்தில் பெரியவர்கள் எழுத்துக் கற்கட்டும், பத்திரிகை படிக்கட்டும்.

மே 1-ந் தேதி கிராமசபை கூடுகிறது, ஜூனில் பள்ளி திறக்குமுன். தோழர்களே, இவற்றைத் தீர்மானமாக எழுதிக் கொண்டு போங்கள். நிர்வாகக் குழுக் கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றக் கோருங்கள்.