அவரவர் குணமே அவரவர் திருப்பணி

திருவிழாக் காலம் வந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கு ஆலயங்கள் தொண்டர்களைத் தேடத் தொடங்கிவிடுகின்றன. தைப்பூசத்தையொட்டி, கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்கு வெள்ளி ரதம் செல்லும் பாதையை எண்ணிப் பாருங்கள். தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், குப்பை அகற்றல், 272 படிகளில் முதியோருக்குக் கைகொடுத்தல் என எத்தனையோ பணிகள்! பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டார ஆலயங்களிலும், கூட்டம் சற்றுக் குறைவாயினும், பணிகள் இவை போன்றனவே. ஆயினும், தொண்டுக்கு வருவோருள் சிலர் மனநிறைவுடனும் சிலர் சலிப்புடனும் இல்லம் திரும்புகின்றனர். செய்பவரின் குணத்தோடு பணி பொருந்தாமையே இச்சலிப்புக்குக் காரணம் என்பது என் கருத்து.

அமெரிக்க உளவியல் அறிஞர்களான கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் ஆகிய இருவரும் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மனிதரின் நற்குணங்களை 24 ஆக வகுத்தனர். அன்பு, நேர்மை, துணிவு, விடாமுயற்சி, பணிவு, நன்றியுணர்வு, நகைச்சுவை முதலியன அவற்றுள் அடங்கும். தம்மிடம் மேலோங்கிய குணமொன்றை ஒரு வாரம் நாள்தோறும் புதிய முறையில் பயன்படுத்தியவர்களின் மகிழ்ச்சி, ஆறு மாதம் கழித்தும் உயர்ந்தே நின்றதை 2005இல் வெளிவந்த அவர்தம் ஆய்வு காட்டியது. அப்பயிற்சியை விடாது தொடர்ந்தோரே மிகுந்த பயன் பெற்றனர்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் போற்றும் கணநாத நாயனார் சீகாழியைச் சேர்ந்தவர். தம்மை நாடி வந்தோர்க்கு நந்தவனம் பேணல், மலர் பறித்தல், மாலை தொடுத்தல், திருவலகிடுதல், விளக்கேற்றல், திருமுறை எழுதுதல் என அவரவர்க்கு ஏற்ற தொண்டில் பயிற்சியளித்தார்.

நம்மிடையே நடப்பதென்ன? நன்கொடை மிகுந்தோர்க்கு முன்வரிசைப் பணி. இளைஞர் என்றால் வாகன நிறுத்துமிடம். பெண்கள் என்றால் சமையற்கூடம். கணக்கில் நுணுக்கமுள்ள பெண்மணி காய்கறி நறுக்குகிறார். கூட்டத்தைக் கண்டு கூசும் இளைஞர் கையில் ஒலிபெருக்கி. அடுத்த ஆண்டு இருவரும் வருவதில்லை. நாமோ, 'இக்கால இளைஞர்க்குப் பக்தியில்லை' என்று பழி சுமத்துகிறோம்.

'அவரவர் விருப்பப்படி பணி கொடுத்தால் குப்பையை யார் அள்ளுவது?' எனச் சிலர் வினவலாம். விருப்பம் வேறு, குணம் வேறு. பணிவும் நற்குணமே. பதிகம் பாடிய திருநாவுக்கரசர், உழவாரப் படை ஏந்திக் கோயில் முற்றங்களில் புல்லும் செதுக்கினார் அல்லவா? எவரும் விரும்பாத பணியை நிர்வாகத்தினர் உட்பட அனைவரும் முறைவைத்துச் செய்வதே நியாயம்.

ஆகவே, ஆலய நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். தொண்டர் பெயர்ப் பதிவின்போது தொலைபேசி எண்ணோடு இரு வினாக்களையும் சேர்த்துக் கேளுங்கள்: 'தங்களிடமுள்ள நற்குணம் எனப் பிறர் கூறுவது யாது? நேரம் போவது தெரியாமல் தாங்கள் ஈடுபடும் வேலை எது?' பொறுமையுடையவர் முதியோர் வரிசையைக் கவனிக்கட்டும். நகைச்சுவையுடையவர் காத்திருக்கும் குழந்தைகளை மகிழ்விக்கட்டும். நேர்மைக்குப் பெயர் பெற்றவர் உண்டியல் எண்ணும் இடத்தில் அமரட்டும்.

தொண்டர் பெருமக்களும் தம் குணத்தை விழாவோடு நிறுத்திவிடாமல், இல்லத்திலும் வேலையிடத்திலும் புதுப்புது வழிகளில் பயன்படுத்துதல் வேண்டும். மகிழ்ச்சியை வேண்டி ஆலயம் வருவோர், அதனை அடையும் வழியைத் தம்முள்ளேயே கொண்டு வருகின்றனர். அவ்வழியைக் காட்டிக் கொடுப்பதும் ஆலயப் பணியேயாகும். அதற்குத் திருவருள் துணைநிற்பதாக!