நாய்க்குமா கடவுச்சீட்டு?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சென்ற பருவத்தில் ஒரு நாள் மாலை. விடுதி முற்றத்தில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தோம். இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்கு நாயை அழைத்துச் செல்வோர் அதற்கெனத் தனிச் சான்றிதழ் பெற்றாக வேண்டும் என்ற செய்தியை நண்பர் ஒருவர் உரக்கப் படித்தார். "எங்க அப்பாவுக்கே பாஸ்போர்ட் கிடையாது. வெள்ளைக்காரன் வீட்டு நாய்க்குப் பாஸ்போர்ட்டா?" என்று இன்னொருவர் கேட்டார். முற்றமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இரவு படுக்கையில் எனக்கு உறக்கம் வரவில்லை. என் அத்தை மகனின் நினைவு வந்துவிட்டது.

அவனுக்கு அப்போது ஒன்பது வயது, எனக்குப் பதினொன்று. தெருவில் திரிந்த நாய்க்குட்டி ஒன்று அவன் கையை லேசாகக் கீறியது. பச்சிலை அரைத்துக் கட்டினார்கள். மந்திரித்த கயிறு கட்டினார்கள். காயம் ஆறிவிட்டது. இரண்டு மாதம் கழித்து, தண்ணீர்ச் செம்பைக் கண்டு அவன் நடுங்கினான். அதன்பின் மூன்றே நாள்தான். ஊசி போட்டால் பிழைப்பான் என்று சொல்ல எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. என் தந்தையார் கையெழுத்து மட்டும் போடக் கற்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

ஆகவேதான் கேட்கிறேன்: அந்த நாயின் கடவுச்சீட்டு நாம் சிரிக்கத்தக்க பொருள்தானா?

அந்தச் சீட்டில் இருப்பது என்ன? நாயின் தோலுக்கடியில் செலுத்தப்பட்ட, அரிசிமணி போன்ற ஒரு சில்லின் பதினைந்து இலக்க எண்; வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாள்; போட்ட மருத்துவரின் கையொப்பம். முதல் ஊசி போட்டு 21 நாள் கழிந்த பின்னரே எல்லையைக் கடக்கலாம். பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குள் நுழையும் நாய்க்கு, நுழைவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். இது நாய்க்குச் செய்யும் ஆடம்பரமன்று. எல்லைக்கு அப்பால் விளையாடும் குழந்தைக்குச் செய்யும் காவல்.

இந்தக் காவலுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரிட்டன் 1902-இல் வெறிநோயைத் தன் மண்ணிலிருந்து ஒழித்தது. முதல் உலகப் போர் முடிந்த 1918-இல், போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்களோடு நோயும் திரும்பி வந்தது. அதை மீண்டும் ஒழிக்க 1922 வரை ஆயிற்று. அன்போடுதான் அவ்வீரர்கள் நாயைக் கொண்டுவந்திருப்பர். அன்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நோயைத் தடுக்க அந்நாடு கண்ட வழி கூண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் நாயும் பூனையும் ஆறு மாதம் தனிக்கொட்டிலில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். டோவருக்கும் கலேக்கும் இடையே கடல் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு நாய்க்கு அது ஆறு மாதச் சிறை! கடலுக்கடியில் சுரங்க இரயில் பாதை 1994-இல் திறக்கப்பட்டபோது, அதன் வழியே பிரான்சின் நரி வந்துவிடுமோ என்று அஞ்சி வேலியும் மின்தடுப்பும் அமைத்தார்கள்.

அச்சம் வீணன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போலந்துப் பக்கமிருந்து நரிகளின் வழியே கிளம்பிய வெறிநோய் ஆண்டுக்கு ஆண்டு மேற்கே நகர்ந்து 1968-இல் பிரான்சை எட்டியது. எந்தச் சுங்கச்சாவடியிலும் நரி நின்று சீட்டுக் காட்டுவதில்லையே! நரிகளைச் சுட்டார்கள், வளைகளில் நச்சுப்புகை விட்டார்கள். நோய் நிற்கவில்லை.

பிறகு வந்தது ஓர் அருமையான யோசனை. 1978-இல் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில், கோழித்தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டார்கள். நரி கோழித்தலையைத் தின்றது. தானறியாமலே தடுப்பு மருந்தும் உண்டது. அந்தப் பள்ளத்தாக்கில் நோய் நின்றது. பிற நாடுகளும் இம்முறையைக் கைக்கொண்டன. சுவிட்சர்லாந்து 1999-இலும், பிரான்சு 2001-இலும் வெறிநோயற்ற நாடுகளாயின. நரியை எதிரியாக எண்ணிச் சுட்டபோது தோற்ற மனிதன், நோயாளியாக எண்ணி மருந்தூட்டியபோது வென்றான் என்றால் மிகையாகாது.

இதன் பயன் வீட்டு நாய்க்கும் கிட்டியது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 28 முதல், சில்லும் ஊசியும் இரத்தப் பரிசோதனையும் முடித்த நாய் கொட்டில் வாசமின்றி இங்கிலாந்துக்குள் நுழையலாயிற்று. 2012-இல் ஐரோப்பிய நாய்களுக்கு இரத்தப் பரிசோதனையும் நீங்கியது. கூண்டு செய்த வேலையை ஊசி செய்தது.

காவல் தளர்ந்தால் என்னாகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2004-இல் மொராக்கோ நாட்டிலிருந்து முறையான தாள்களின்றிக் காரில் கொண்டுவரப்பட்ட ஒரு குட்டி, பிரான்சின் போர்தோ நகர்ப்பக்கம் வெறிநோயால் இறந்தது. அக்குட்டியைத் தொட்டவர் யார், அது உலவிய இடம் எது என்று தேடித் தேடி ஊசி போட வேண்டியதாயிற்று.

ஆனால் எல்லா விதியையும் நான் போற்றுகிறேன் என்று எண்ண வேண்டா. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பின், 2021 சனவரி முதல் அந்நாட்டு நாய்களின் கடவுச்சீட்டு பிரான்சில் செல்லாததாயிற்று. ஒவ்வொரு பயணத்துக்கும், புறப்படுமுன் பத்து நாளுக்குள், புதுச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றார்கள். அதே நாய், அதே சில்லு, அதே ஊசி. பிரெஞ்சுக்காரரின் நாயோ பழைய சீட்டுடனே போய் வந்தது. ஒரே கப்பலில் அருகருகே படுத்திருக்கும் இரு நாய்களில் எதற்கு நோய் வரும் என்பதைக் கொடியா தீர்மானிக்கிறது? கிருமிக்கு அஞ்சிப் போட்ட விதி வேறு. மனிதர் பிணங்கிக்கொண்டதால் முளைத்த விதி வேறு. முன்னதை மதிப்போம், பின்னது கட்டணத்தை ஏற்றுமேயன்றி ஓர் உயிரையும் காக்காது. பணமுள்ளவன் கட்டிவிடுவான், இல்லாதவன் நாயை விட்டுப் போவான், அல்லது 1918-இன் வீரனைப்போல் ஒளித்துக் கொண்டுபோவான். கடவுச்சீட்டு முறையை மீண்டும் கொண்டுவர 2025 மே மாதத்தில் இரு தரப்பாரும் இணங்கியது நல்லறிவின் அடையாளம்.

எல்லையைக் கடந்து பிழைத்த ஒரு சிறுவனும் இங்கே நினைவுக்கு வருகிறான். 1885-இல், அன்று ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த அல்சேசில் நாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மெய்ஸ்டரை, அவன் தாய் பாரிசுக்கு அழைத்துச் சென்றாள். ஜூலை 6 அன்று லூயி பாஸ்டரின் சிகிச்சை தொடங்கியது, சிறுவன் பிழைத்தான். 1907-இலேயே நம் குன்னூரில் பாஸ்டர் பெயரில் நிலையம் அமைந்தது. அத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் என் அத்தை மகன் பிழைக்கவில்லை. அவனுக்கும் வயது ஒன்பதுதான். மருந்து கடல் கடந்து குன்னூர் வரை வந்தது. எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி வரவில்லை.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயால் மடிவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நம் நாட்டினர். நூறு நாய்களில் எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறும் என்கின்றனர் அறிஞர். நம் தெருநாய்க்குக் கடவுச்சீட்டு வேண்டா. ஆண்டுக்கு ஓர் ஊசி போதும்.

எனவே ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். இவ்வாண்டு கால்நடை மருத்துவரையும் உடன் அழைத்துச் செல்வோம். நாய்களுக்கு ஊசி போடுவோம். கடிபட்டாலும் கீறல்பட்டாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டுமென்று வீடு வீடாகச் சொல்வோம். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் முதலில் சொல்வோம்.

முகாம் எங்கள் ஊரிலேயே நடந்தால், முதல் வீடாக என் அத்தை வீட்டுக்கு நானே போகிறேன்.